ஊரடங்கு சரியா, தப்பா? பட்டாசு மண் சொல்லும் பாடம்!

"ஐந்து பேருக்கு மேல் கூடாதீர்கள்!", "ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு நில்லுங்கள்!"

2020 மார்ச்சில் டி.வி., ரேடியோ, தெருவில் போகும் ஆட்டோ என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் இதே பேச்சுதான். நம்மில் பலருக்கு அது புதுசு. ஆனால் விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு ஊர்களில் இந்த மாதிரிக் கட்டுப்பாடு புதுசே இல்லை.

அங்கே மருந்து நிரப்பும் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக்கூடாது என்பது விதி. ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் இடையே இவ்வளவு தூரம் விடவேண்டும் என்று கணக்கு. இரும்புச் சாமான் ஆகாது. தீப்பெட்டி, செல்போன் கூடவே கூடாது. உள்ளே போகுமுன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போகவேண்டும்.

எதற்கு இத்தனை கெடுபிடி? ஒரு பொறி விழுந்தால் அது அந்த அறையோடு முடியட்டும், அடுத்த அறைக்குத் தாவ வேண்டாம் என்பதற்காகத்தான். கொரோனா காலத்தில் டாக்டர்கள் சொன்னதும் ஏறக்குறைய இதேதானே!

சரி, காரணம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த ஊரில் யாரும் விதியை மீறவே மாட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? அங்கேதான் சோகம்.

2021 பிப்ரவரி 12. சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்துச் சிதறியது. சுமார் 20 உயிர்கள் போயின. காலையில் தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு வேலைக்குப் போனவர்கள் அவர்கள். ஆலையை உள்குத்தகைக்கு விட்டிருந்தார்கள், அளவுக்கு மீறி ஆட்களை வைத்து வேலை வாங்கினார்கள் என்றெல்லாம் புகார்கள் கிளம்பின. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு விசாரணைக் குழு அமைத்தது.

முதல் அலை ஓய்ந்து இரண்டாவது அலை இன்னும் வராத நேரம் அது. ஊரடங்கைப் பற்றி நாடு முழுக்க வாதம் நடந்துகொண்டிருந்தது. 'அடைத்தது சரி' என்று ஒரு கட்சி, 'அடைத்தே கெடுத்தார்கள்' என்று இன்னொரு கட்சி. ஆனால் இரண்டு கட்சிக்கும் நடுவே ஒரு கேள்வி கேட்பாரில்லாமல் கிடந்தது. உயிரைக் காக்கத்தான் விதி என்று தெரிந்தும் மனிதன் ஏன் அதை மீறுகிறான்? எப்படிப்பட்ட விதியை மனசார மதிக்கிறான்?

அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்போது நம் வீட்டையும் பாதிக்கப்போகும் கேள்வி இது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போமா?

ஒரு சின்னக் கணக்கு

முதலில் ஊரடங்கு எதற்கு என்று பார்த்துவிடுவோம்.

ஒருத்தர் மூன்று பேருக்கு நோயைக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று பேர் ஒன்பது பேருக்கு, ஒன்பது பேர் 27 பேருக்கு... ஐந்தாவது சுற்றில் 243 பேர்! அதே ஆள் இரண்டு பேருக்கு மட்டும் கொடுத்தால் ஐந்தாவது சுற்றில் 32 பேர்தான். ஒருத்தருக்கு மட்டும் கொடுத்தால் நோய் வளரவே வளராது. ஒரே ஒரு சந்திப்பைக் குறைப்பதில் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்!

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. ஊரடங்கு நோயைக் குணப்படுத்தாது, கிருமியைக் கொல்லாது. அது வாங்கித் தருவது அவகாசம் மட்டுமே. அந்த அவகாசத்தில் படுக்கைகள், ஆக்சிஜன், பரிசோதனைக் கூடங்கள், நர்சுகள் என்று அரசாங்கம் தயார் செய்துகொள்ள வேண்டும். வாங்கின அவகாசத்தைச் சும்மா கழித்தால், வட்டிக்குப் பணம் வாங்கி அலமாரியில் பூட்டி வைத்த கதைதான்.

தமிழ்நாட்டில் இந்த அவகாசம் வீணாகவில்லை என்று சொல்ல நியாயம் இருக்கிறது. பல மாநிலங்கள் துரிதப் பரிசோதனைக்குத் தாவியபோது இங்கே ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனையையே பிடிவாதமாக நம்பியிருந்தார்கள். தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம் போட்டார்கள். 1939-லேயே பொது சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் போட்ட மாகாணம் அல்லவா இது! அந்தப் பழைய கட்டமைப்பு கை கொடுத்தது. அப்படியிருந்தும் அரசுக் கணக்குப்படியே இந்த மாநிலத்தில் 38,000-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

இந்தியா முழுவதற்கும் என்றால் கணக்கே தகராறு. அரசு சொன்னது 5 லட்சத்துச் சொச்சம். 2020, 2021 இரண்டு வருஷத்தில் வழக்கத்துக்கு மேலாக 47 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் மதிப்பிட்டது. 'உங்கள் கணக்குப் போடும் முறையே தப்பு' என்று மத்திய அரசு மறுத்தது. செத்தவர் எத்தனை பேர் என்பதிலேயே இவ்வளவு வித்தியாசம் என்றால், எந்த விதி எத்தனை உயிரைக் காத்தது என்று அறுதியிட்டுச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நாலு மணி நேரம்!

2020 மார்ச் 24. ராத்திரி 8 மணிக்குப் பிரதமர் டி.வி.யில் பேசினார். 12 மணியிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு என்றார். நடுவில் நாலே மணி நேரம். தமிழ்நாட்டில் அன்று சாயங்காலம் 6 மணிக்கே 144 தடை உத்தரவு வந்துவிட்டது.

"அண்ணாச்சி, அரிசி இருக்கா? பால் பவுடர் ரெண்டு குடுங்க!"

"இருக்கு தாயி, ஆனா ஆளுக்கு ஒண்ணுதான். பின்னாடி எம்புட்டுப் பேரு நிக்காங்க பாருங்க!"

ஏறக்குறைய எல்லா ஊர்க் கடைவாசலிலும் இதே கதைதான். கூட்டத்தைக் கலைக்கப் போட்ட உத்தரவு, முதல் வேலையாகக் கூட்டத்தைக் கூட்டியது!

இதில் படிப்பினை கிடைத்ததா என்றால், இல்லை. ஒரே மாதத்தில் மறுபடியும் அதே கூத்து. 2020 ஏப்ரல் 26 முதல் சென்னை, கோவை, மதுரையில் 4 நாள் முழு ஊரடங்கு, சேலம், திருப்பூரில் 3 நாள் என்று அறிவிப்பு வந்தது. அதற்கு முதல் நாள் கடைத்தெருக்களில் திருவிழாக் கூட்டம். பிறகு கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து கிளம்பிய தொற்று எத்தனை மாவட்டங்களுக்குப் போனது என்பது ஊரறிந்த விஷயம்.

2021 மே மாதம் ஆட்சி மாறியிருந்தது. மே 24 முதல் தளர்வில்லாத ஊரடங்கு என்று மே 22-ஆம் தேதியே சொல்லிவிட்டார்கள். நடுவில் கடைகள் ராத்திரி வரை திறந்திருக்கலாம், வெளியூர் பஸ் ஓடும் என்றார்கள். நல்ல விஷயந்தானே? ஆனால் அந்த இரண்டு நாளும் பஸ் ஸ்டாண்டிலும் மார்க்கெட்டிலும் எள் போட்டால் எள் விழாத கூட்டம். 'நோயைப் பரப்பவா விடுமுறை கொடுத்தீர்கள்?' என்று திட்டும் விழுந்தது.

அப்போ அவகாசம் கொடுப்பது தப்பா? இல்லை. அவகாசம் மட்டும் போதாது. ஊரடங்கிலும் சாமான் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் வேண்டும். 2021-ல் காய்கறி வண்டிகள் தெருவுக்கே வரத் தொடங்கிய பிறகுதான் தாய்மார்களுக்குப் பதற்றம் தணிந்தது. நாளைக்கும் தக்காளி வரும் என்று தெரிந்தால் யார் இன்றைக்கு அஞ்சு கிலோ வாங்கப் போகிறார்கள்?

அடுப்பு எரியவேண்டுமே!

மாதச் சம்பளக்காரர் வீட்டில் ஊரடங்கு என்றால் அலுப்பு, சீரியல் இல்லாத டி.வி., பிள்ளைகளின் நச்சரிப்பு. அன்றாடக் கூலிக்காரர் வீட்டில் ஊரடங்கு என்றால் உலையில் போட அரிசி இல்லை.

பட்டாசு வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் பெரும்பங்கு சிவகாசி சுற்றுவட்டாரத்தில் தயாராவது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆலைகள். நேரடியாகவும் மறைமுகமாகவும் லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு இதுதான் சோறு. நாள் கூலி, இல்லாவிட்டால் செய்த உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. கை ஓய்ந்தால் காசு ஓய்ந்தது. திரி வெட்டுவது, குழாய் உருட்டுவது, பெட்டி ஒட்டுவது என்று பல வீடுகளில் பெண்கள் கைவேலைதான் குடும்பத்தையே தாங்குகிறது.

2020-ல் முதலில் ஆலைகள் மூடப்பட்டன. தளர்வு வந்து திறந்தபோது குறைந்த ஆட்களோடு திறந்தார்கள். ஜூலையில் விருதுநகர் மாவட்டத்திலேயே நோய் வேகமாக ஏறியது. எல்லாம் சமாளித்துத் தீபாவளிக்குச் சரக்கு அனுப்பினால், அடுத்த அடி காத்திருந்தது. கொரோனா நோயாளிகளின் நுரையீரலுக்குப் புகை ஆகாது என்று ராஜஸ்தான், ஒடிசா போன்ற மாநிலங்கள் பட்டாசுக்குத் தடை போட்டன. தீபாவளி நவம்பர் 14. நவம்பர் 9-ஆம் தேதி, டெல்லி சுற்றுவட்டாரத்துக்கும் காற்று மோசமாக உள்ள நகரங்களுக்கும் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. அதாவது, அஞ்சு நாள் முன்னால்! தடை விதித்த மாநிலங்கள் மறுபரிசீலனை செய்யவேண்டும் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி கடிதம் எழுதினார்.

புகை நுரையீரலுக்குக் கெடுதல் என்பது நிஜம். அதை யாரும் மறுக்க முடியாது. ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால் தீபாவளி ராத்திரி என்ன பாடு என்று உங்களுக்கே தெரியும். ஆனால் பட்டாசு தீபாவளிக்கு அஞ்சு நாள் முன்பா தயாராகிறது? வருஷம் பூரா தயாராகிறது. மார்ச்சிலேயோ ஏப்ரலிலேயோ சொல்லியிருந்தால் ஆலைக்காரர் தயாரிப்பைக் குறைத்திருப்பார், தொழிலாளிக்கு வேறு வழி யோசித்திருக்கலாம். கடைசி நேரத் தடையின் பாரம் முழுக்க விழுந்தது பண்டல் கட்டி அனுப்பியவர் தலையில்தான்.

நிவாரணம் கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2020 ஏப்ரலில் அரிசி ரேஷன் அட்டைக்கு 1,000 ரூபாயும் இலவச அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கொடுத்தார்கள். 2021-ல் இரண்டு தவணையாக 4,000 ரூபாய், கூடவே 14 மளிகைப் பொருட்கள். இல்லாததற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் வாடகை, வட்டி, மாமியாரின் சர்க்கரை மாத்திரை, பிள்ளையின் செல்போன் ரீசார்ஜ் என்று கூட்டிப் பாருங்கள்... 1,000 ரூபாய் எத்தனை நாளைக்கு?

ரேஷன் அட்டையே இங்கில்லாத வடமாநிலத் தொழிலாளர்கள் கதை இன்னும் பரிதாபம். நடந்தே ஊர் போனார்கள். 2020 மே 8-ஆம் தேதி மகாராஷ்டிராவில் அவுரங்காபாத் பக்கம் தண்டவாளத்தில் களைத்துத் தூங்கியவர்கள் மேல் சரக்கு ரயில் ஏறி 16 பேர் இறந்தார்கள். ஊர் திரும்பும் தொழிலாளர்களிடம் டிக்கெட் காசு வாங்கக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது மே 28-ல்தான்.

லத்தியா, விளக்கமா?

2020-ல் ஊரடங்குக்குக் கைகொடுத்த சட்டங்களில் ஒன்று எப்போது போட்டது தெரியுமா? 1897-ல்! பம்பாய் பக்கம் பிளேக் பரவியபோது வெள்ளைக்காரர்கள் அவசரமாகப் போட்ட கொள்ளைநோய்ச் சட்டம் அது. அந்தக் காலத்தில் புனாவில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள். பெண்களைக்கூட மரியாதையில்லாமல் சோதித்தார்கள் என்று ஊரே கொதித்தது. பிளேக் அதிகாரி ராண்ட் 1897 ஜூன் 22 ராத்திரி சுடப்பட்டார். நோய் ஒரு பக்கம் இருக்க, அதைத் தடுக்க வந்தவர்களே ஜனங்களுக்கு எதிரியாகிப்போனார்கள்!

நூறு வருஷம் கழித்து நாம் மாறிவிட்டோமா? 2020 ஜூன் 19. தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஒரு தந்தையையும் மகனையும் போலீஸ் கொண்டுபோனது. நாலு நாளுக்குள் இருவரும் உயிரோடு இல்லை. ஐகோர்ட்டின் மதுரைக் கிளை தானாக வழக்கை எடுத்தது, விசாரணை சி.பி.ஐ.க்குப் போனது. கடையைச் சில நிமிஷம் கூடுதலாகத் திறந்ததற்கு உயிரா விலை என்று தமிழ்நாடே கேட்டது.

இன்னொரு விவரம். ஊரடங்கை மீறியதாகப் போட்ட சுமார் 10 லட்சம் வழக்குகளை வாபஸ் வாங்குவதாக 2021 பிப்ரவரி 19-ல் முதல்வர் அறிவித்தார். வன்முறை, மோசடி போன்றவை தவிர. அச்சங்குளம் வெடித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. தெருவில் நடந்ததற்கு 10 லட்சம் வழக்கு! இந்தக் கண்காணிப்பில் கால்வாசியாவது ஆபத்தான ஆலைகள் பக்கம் திரும்பியிருக்கக்கூடாதா என்ற ஏக்கம் வருகிறதா, இல்லையா?

விளக்கம் இல்லாத இடத்தில் பயம் புகுந்துகொள்ளும். 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவுக்குப் பலியான ஒரு டாக்டரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கும்பல் ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தது நினைவிருக்கும். உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியவருக்கு ஆறடி நிலம் தர மறுத்தோம்! முறையாகப் பொதிந்து புதைத்த உடலிலிருந்து நோய் பரவாது என்பதை முன்கூட்டியே தெருத்தெருவாகச் சொல்லியிருந்தால் அந்தக் கல் கையிலிருந்து எழும்பியிருக்குமா? அப்புறம் அரசு அவசரச் சட்டம் போட்டு, இப்படித் தடுப்பது குற்றம் என்றது.

இலங்கையில் இதையே அரசாங்கம் செய்தது. கொரோனாவில் இறந்த எல்லோரையும் எரிக்கத்தான் வேண்டும் என்று 2020-ல் உத்தரவு. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. முஸ்லிம் குடும்பங்கள் கதறின. 2021 பிப்ரவரியில்தான் அடக்கம் செய்ய அனுமதித்தார்கள். 2024 ஜூலையில் அந்த அரசாங்கமே மன்னிப்புக் கேட்டது. விஞ்ஞானம் சொல்லாத விதியை விஞ்ஞானத்தின் பெயரால் போட்டதன் விலை அது.

ஆளுக்கொரு நியாயமா?

மக்களை ரொம்பவே எரிச்சல்படுத்தியது எது தெரியுமா? கண்டிப்பு அல்ல. முன்னுக்குப் பின் முரணான கண்டிப்பு!

கோயில், பள்ளிவாசல், சர்ச் எல்லாம் பூட்டிக் கிடக்க, 2020 மே 7-ல் டாஸ்மாக் கடைகள் திறந்தன. மறுநாளே ஐகோர்ட் மூடச் சொன்னது. அடுத்த வாரம் சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவை நிறுத்தி வைக்க, மே 16-ல் மறுபடி திறந்தார்கள். 'சாராயத்துக்குப் பரவாத கொரோனா சாமிக்கு மட்டும் பரவுமா?' என்று பாட்டிமார் கேட்ட கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

மூடிய கட்டிடமான ஷாப்பிங் மால் 2020 செப்டம்பர் 1-ல் திறந்தது. சினிமா தியேட்டர் நவம்பரில். கடல்காற்று வீசும் மெரினா கடற்கரை திறந்தது டிசம்பர் 14-ல்! காற்றோட்டமில்லாத அறையில்தான் இந்த நோய் அதிகம் பரவும் என்று தெரிந்த பிறகும் இந்த வரிசை. 2021 ஜனவரியில் பொங்கலுக்கு முன்னால் தியேட்டரில் நூறு சதவீதம் உட்காரலாம் என்றார்கள். எதிர்ப்பு கிளம்ப, நாலு நாளில் பாதியாக்கினார்கள்.

இ-பாஸ் கதை கேட்கவே வேண்டாம். சாவு வீட்டுக்குப் போக பாஸ் கிடைக்காமல் தவித்தவர்கள் எத்தனை பேர்! 2020 ஆகஸ்ட் 17 முதல் கேட்டவர்க்கெல்லாம் பாஸ் என்றாகி, செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் தேவையே இல்லை என்று ஆனது.

இது நம்ம ஊர் வியாதி மட்டுமல்ல. இங்கிலாந்தில் ஜனங்களை வீட்டில் அடைத்துவிட்டு, 2020 ஜூனில் பிரதமர் போரிஸ் ஜான்சன் தன் அலுவலகத்தில் பிறந்தநாள் கூட்டத்தில் கலந்துகொண்டார். 2022 ஏப்ரலில் போலீஸ் அவருக்கே அபராதம் போட்டது. சாகக் கிடந்த அம்மாவைப் பார்க்க முடியாமல் விதியை மதித்த பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும்?

அப்போ ஸ்வீடன் சொன்னதுதான் சரியா?

'ஸ்வீடனைப் பாருங்கள், அடைக்கவே இல்லை!' என்பார்கள் சிலர். உண்மைதான். அங்கே சிறு பிள்ளைகளின் பள்ளிகள் திறந்தே இருந்தன. அரசு பெரும்பாலும் அறிவுரைதான் சொன்னது. முதல் அலையில் பக்கத்து நாடுகளான நார்வே, பின்லாந்தைவிட அங்கே இறப்பு அதிகம். முக்கியமாக முதியோர் இல்லங்களில். ஆனால் போகப்போக அந்த நாட்டின் மொத்த இறப்பு பல ஐரோப்பிய நாடுகளைவிடக் குறைவாகவே நின்றது. ஸ்வீடன் நியமித்த விசாரணைக் கமிஷன் 2022 பிப்ரவரியில் என்ன சொன்னது தெரியுமா? அறிவுரை வழி அடிப்படையில் சரி, ஆனால் ஆரம்பத்தில் இன்னும் சீக்கிரமாக, இன்னும் கண்டிப்பாக நடந்திருக்கவேண்டும் என்றது. இரண்டு கட்சிக்கும் பாதிப் பாதி!

அந்த நாட்டில் நோயாளிக்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற வீடுகள் அபூர்வம். அந்த வைத்தியத்தை அப்படியே கொண்டுவந்து இங்கே ஊற்ற முடியாது. ஆனால் ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். நாம் என்ன செய்தோம், எது பலித்தது, எது கெட்டது என்று நாடே உட்கார்ந்து விசாரித்து, அறிக்கையைப் பகிரங்கமாக வைத்தார்கள் பாருங்கள்... அதை!

கணக்கில் வராத நோய்கள்

ஊரடங்குக்கும் பக்கவிளைவு உண்டு, மருந்துக்கு இருப்பதைப்போல. 2019-ல் இந்தியாவில் சுமார் 24 லட்சம் காசநோயாளிகள் கண்டுபிடிக்கப்பட்டுப் பதிவானார்கள். 2020-ல் அது சுமார் 18 லட்சமாக இறங்கியது. காசநோய் குறைந்துவிட்டதா? இல்லவே இல்லை! இருமலோடு ஆஸ்பத்திரிக்கு வருவது குறைந்தது. அப்படி வீட்டிலேயே இருந்தவர்களிடமிருந்து குடும்பத்தில் எத்தனை பேருக்குப் பரவியிருக்கும்?

பள்ளிக்கூடம் இன்னொன்று. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் தமிழ்நாட்டில் திறந்தது 2021 நவம்பர் 1-ல். ஒன்றரை வருஷத்துக்கு மேல்! இரண்டாம் வகுப்புப் பிள்ளை நாலாம் வகுப்பில் போய் உட்கார்ந்தது, எழுத்துக் கூட்டத் தெரியாமல். அந்த இடைவெளியை அடைக்கத்தான் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. கூலி வேலைக்குக் கை தேவைப்படுகிற ஊர்களில் பள்ளிக்கூடம் வெறும் படிப்புக்கான இடம் மட்டுமல்ல, பிள்ளைக்குப் பாதுகாப்பும் மத்தியானச் சோறும் கிடைக்கிற இடம்.

இதனால் ஊரடங்கே கூடாது என்று ஆகிவிடாது. அலை உச்சத்தில் ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை நின்றதை 2021 மே மாதம் கண்ணால் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். எது, எத்தனை நாள், யாருக்கு, எந்த விலையில் என்று கேட்டுத்தான் மருந்து கொடுக்கவேண்டும். அவ்வளவுதான்.

எப்படிப்பட்ட விதியை மதிப்போம்?

இப்போது அச்சங்குளத்துக்குத் திரும்புவோம். நாலு பேர் விதியின் காரணம் அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்த வட்டாரத்தில் விதி மீறல் பற்றிய புகார் ஓய்வதில்லை. சீசன் நெருக்கடி, உருப்படிக் கூலி, உள்குத்தகை, கண்டும் காணாத சோதனை என்று காரணம் அடுக்குவார்கள். தொழிலாளிக்குப் பயம் இல்லாமல் இல்லை. பயத்தைவிடப் பசி பெரிது.

ஆக, ஒரு விதி நிற்க நாலு கால் வேண்டும். காரணம் புரியவேண்டும். அவகாசம் வேண்டும். விதியை மதித்தால் வீட்டில் அடுப்பு எரியவேண்டும். பெரியவர், சின்னவர் எல்லோருக்கும் ஒரே விதியாக இருக்கவேண்டும். இதில் ஒரு கால் ஒடிந்தாலும் விதி சாயும். சாய்ந்த விதியை லத்தியால் முட்டுக்கொடுத்து நிறுத்த முடியாது.

அடுத்த முறை ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தால் பயந்து கடைக்கு ஓடாதீர்கள். வீம்புக்குத் தெருவிலும் சுற்றாதீர்கள். உங்கள் கவுன்சிலரிடம், எம்.எல்.ஏ.விடம், கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் கேளுங்கள்: எத்தனை நாள்? எந்தக் கணக்கை வைத்து? அந்த நாட்களில் ஆஸ்பத்திரியில் என்ன கூட்டப்போகிறீர்கள்? கூலிக்காரர் வீட்டுக்கு என்ன வழி? எது குறைந்தால் திறப்பீர்கள்? இதைக் கேட்பது எதிர்ப்பு ஆகாது, குடிமகனின் கடமை.

வீட்டில் நாம் செய்யவேண்டியது

• ரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா, வலிப்பு, காசநோய் உள்ளவர்களுக்கு ஒரு மாத மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். ஊரடங்கிலும் மாத்திரையை நிறுத்தக்கூடாது.

• ஜன்னலைத் திறந்து வையுங்கள். கிருமி காற்றிலும் பரவும். காற்றோட்டம்தான் செலவில்லாத மருந்து. மூடிய அறைக் கூட்டத்தைவிடத் திறந்தவெளி நல்லது.

• முகக்கவசம் மூக்கையும் சேர்த்து மூடவேண்டும். தாடையில் தொங்கினால் அது வெறும் அலங்காரம்!

• ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போனாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, குழப்பமாகப் பேசினாலோ தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது.

• ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக் மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். 2021-ல் கறுப்புப் பூஞ்சை நோயில் அவதிப்பட்டவர்களில் பலர் கட்டுப்பாடில்லாத சர்க்கரை உள்ளவர்கள், ஸ்டீராய்டு எடுத்தவர்கள்.

• குழந்தைகளின் தடுப்பூசி அட்டை, கர்ப்பிணிகளின் செக்-அப் தேதி இரண்டையும் ஊரடங்கைக் காரணம் காட்டித் தள்ளாதீர்கள். கசாயம் குடிப்பதில் பிரியம் இருந்தால் குடியுங்கள். தடுப்பூசிக்கு அது மாற்று ஆகாது.

• உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர், இஸ்திரி போடுகிறவர், பூ விற்கிறவர்... ஊரடங்கு நாட்களில் அவர்கள் கூலியைப் பிடிக்காதீர்கள். அவர் வீட்டில் அடுப்பு எரிந்தால்தான் அவரும் காய்ச்சலோடு வேலைக்கு வராமல் வீட்டில் இருக்க முடியும். அது அவருக்கு மட்டுமல்ல, உங்கள் வீட்டுக்கும் பாதுகாப்பு!